ஏழா, பதினொன்றா

லைட் போர்டின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்ததும் அதன் வயிற்றிலிருந்து மூன்று திருகாணிகளும் ஒரு சட்டைப் பொத்தானும் ஒரு கொண்டை ஊசியும் பாதிப் பென்சிலும் விழுந்தன. லைட்மேன் தேடியது ஒரே ஒரு திருகாணியை. சற்று முன்புதான் அது அவர் விரலிலிருந்து நழுவி உள்ளே போயிருந்தது. நழுவியது அவருக்குத் தெரியவில்லை. 'டிங்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"ஒண்ணு உள்ள போச்சு, மூணா வெளிய வருது. குட்டி போட்டிருக்கு அண்ணே" என்றான் ஏணி.

ஏணி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அரங்கத்திலேயே குள்ளமான ஆள் அவன்தான். உயரத்தில் விளக்கு மாட்டுகிற வேலையும் அவனுக்கே வாய்த்ததால், தோளில் ஏணி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் பெயர் மாறவில்லை.

"நேரமாச்சுடா. நாலு மணிக்குச் செயலாளர் வந்துடுவாரு."

"வரட்டுமே. வந்தா பேசுவாரு. பேசினா ஆறு மணி ஆயிடும். ஆறு மணிக்கு ஷோ. உங்களைக் குத்தம் சொல்ல அவருக்கு எங்க இருக்கு நேரம்?"

லைட்மேன் சிரிக்கவில்லை. நாலு நாளாகவே அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இதே அரங்கத்தில் இதே நாடகம். மூன்றாம் காட்சியில் ராணி ஒன்பது படி உள்ள மரப்படிக்கட்டில் மேலிருந்து இறங்கி வருவாள். ஒன்பது படிக்கும் ஒன்பது விதமாக அழுவாள் என்று நோட்டீசிலேயே போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் நிலா மெல்ல அணையும். படிக்கட்டின் மேல் விழும் விளக்கு மட்டும் எரியும். ராணி ஆறாவது அழுகையில் இருந்தபோது, நிலாவோடு சேர்ந்து படி விளக்கும் போய்விட்டது. இரண்டு வினாடி இருட்டு. லைட்மேன் பதறிப்போய் இரண்டு கையாலும் அகப்பட்டதையெல்லாம் மேலே தள்ளினார். வெளிச்சம் வந்தபோது படிக்கட்டின் அடியில் கிரீடம் ஒரு பக்கமும் ராணி ஒரு பக்கமுமாகக் கிடந்தார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. விழுந்ததையும் பத்தாவது அழுகையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. ராணி லைட்மேனின் கூடப் பிறந்த அக்கா.

சந்தேகத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர். ஒன்று போர்டு. அதில் இருபத்துநாலு ஃபேடர்கள் வரிசையாக இருந்தன: மேலே தள்ளினால் விளக்கு எரியும், கீழே இழுத்தால் அணையும் சின்னச் சின்னக் குமிழ்கள். பத்தொன்பது வருஷ உழைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் வந்துவிட்டது. மூன்றாவது பாதி வழியில் தூங்கும். பதினாறாவது கூப்பிட்டாலும் வராது. ஏழாவதுதான் மோசம்: யாரும் தொடாமலே குதிக்கும். பக்கத்தில் ஒருவர் நாற்காலியை நகர்த்தினால்கூட அதற்குப் பொறுக்காது, விளக்கை அணைத்துவிடும். நாடகத்தின் தட்டச்சுக் குறிப்பில் படி விளக்குக்கு எதிரே போட்டிருந்த எண் ஏழு.

இரண்டாவது சந்தேக நபர் லைட்மேனின் வலது கை. மோதிர விரலும் சுண்டு விரலும் மூன்று மாதமாக மரத்துக் கிடந்தன. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மட்டும் ஒரு நாள் காலையில் கண்ணாடி கிளாஸ்களை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் முக்கியமான விஷயங்களெல்லாம் இப்படித்தான் பேசி முடிக்கப்படும்.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் லைட்மேனுக்குத் தூக்கம் வந்திருக்கும். போர்டு கெட்டுப்போனது ஊரறிந்தது, கை கெட்டுப்போனது யாருக்கும் தெரியாது, பழி போகவேண்டிய இடம் தெளிவு. ஆனால் ஏழாவது குதிக்கிறது என்று அவரே ஒரு நாள் படி விளக்கின் பிளக்கைப் பிடுங்கிப் பதினொன்றில் சொருகியிருந்தார். இப்போதும் அது பதினொன்றில்தான் இருக்கிறது. எந்த நாள் மாற்றினார்? திங்கட்கிழமை ஒத்திகையில் பிளக்குகளை மாற்றிக்கொண்டிருந்தார். புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து தூக்கக் கலக்கத்திலும் மாற்றிக்கொண்டிருந்தார். புதன் என்றால் செவ்வாயன்று படி ஏழில் இருந்தது, அணைத்தது போர்டு. திங்கள் என்றால் செவ்வாயன்று படி பதினொன்றில் இருந்தது. பதினொன்று ஊரிலேயே ஒழுங்கான ஃபேடர். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பத்து, நிலா. நிலாவை இறக்கியவை அவருடைய வலது கை விரல்கள்.

புதன்தான் என்று நாலு நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்தேகத்தைத் தீர்க்க அரை நிமிஷம் போதும். ஒவ்வொரு நாடகத்துக்கும் ஃபேடர்களுக்குக் கீழே நீளமாக வெள்ளை டேப் ஒட்டி, எந்த எண்ணில் எந்த விளக்கு என்று எழுதுவார்கள். நாடகம் முடிந்ததும் அந்த டேப்பை உரித்து, தேதி போட்டு, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவார்கள். அதே நாடகம் திரும்பி வந்தால் உதவும். செவ்வாயன்று லைட்மேன் அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டதால், டேப்பை உரித்து ஒட்டியவன் ஏணி. அலமாரி அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் இருந்தது. அதைத் திறக்காமல் இருப்பதற்கு லைட்மேனுக்கு நாலு நாளாக நூறு வேலை இருந்தது.

இன்றைக்கும் அப்படித்தான். ஏழாவதைக் கழற்றி, பஞ்சில் மருந்து நனைத்துத் துடைத்தார். கறுப்புக் கறுப்பாக அழுக்கு வந்தது. மாட்டித் தள்ளிப் பார்த்தார், குதித்தது. நல்ல பிள்ளையான ஐந்தாவதை ஏழின் இடத்திலும் ஏழாவதை ஐந்தின் இடத்திலும் மாற்றி வைத்தார். குதிப்பும் கூடவே ஐந்துக்குப் போயிற்று. ஆக, ஒயர் சரி, பலகை சரி, நோய் ஃபேடரில்தான். பழையபடி திருப்பி மாட்டினார். இவ்வளவு முறையாக ஒரு வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. செய்ய வேண்டிய ஒரே வேலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தார்.

"டேய் தம்பி!" என்று மேடையிலிருந்து குரல் வந்தது. அக்கா. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போகும் குரல். வீட்டில் உப்பு கேட்டாலும் அப்படித்தான் கேட்பாள்.

லைட்மேன் மாடி விளக்கறையின் கண்ணாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். கையில் மாவுக்கட்டு, அதன் மேல் ராணியின் சால்வை.

"என்னடா, அந்தக் கிழட்டுப் போர்டு குத்தத்தை ஒத்துக்கிச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்க்கா. நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தே? இன்னிக்கு வேற யாரையாவது போடச் சொல்லேன்."

"வேற யாரை? அந்தச் சின்ன ராணியையா? அவ அழுதா எனக்குச் சிரிப்பு வருதுடா. இங்க பாரு, கம்பெனியில ரெண்டு பேரு உன்னைப் பத்தி வாயைத் திறந்தானுங்க. என் தம்பி போடற வெளிச்சத்துல நான் கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன்டான்னு எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணிட்டேன். அடங்கிட்டானுங்க."

"சத்தியமெல்லாம் எதுக்குக்கா..."

"பின்ன? போர்டு பழசு. என் தம்பி கை பழசா?"

ஜன்னலை மூடிக்கொண்டார். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

செயலாளர் நாலு மணிக்கு வந்தார். அரங்கத்தின் செயலாளராவதற்கு முன் அவர் என்னவாக இருந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆன பிறகு அவர் வேறு எதுவாகவும் இல்லை. குளிக்கும்போதும் செயலாளராகவே குளிப்பார் என்று ஏணி சொல்வான். விபத்தை ஆராய மூன்று பேர் குழு அமைத்திருந்தார். ஒருவர் வெளியூர், ஒருவருக்கு மூட்டுவலி, எனவே குழு மட்டும் தனியாக மாடி ஏறி மூச்சு வாங்கியபடி வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தது.

"நான் ரொம்ப நியாயமானவன்" என்று ஆரம்பித்தார். "பாரபட்சம் கூடாதுன்னு ரெண்டு அறிக்கையும் டைப் பண்ணியே கொண்டு வந்துட்டேன். இந்தப் பையில இருக்கிறது இயந்திரக் கோளாறு. இந்தப் பையில இருக்கிறது இயக்குபவர் கவனக்குறைவு. எது உண்மையோ அதுல கையெழுத்துப் போடுவேன். ஆனா உண்மையைச் சீக்கிரம் சொல்லுங்க, கீழே எனக்கு ஒரு வரவேற்புரை இருக்கு."

"சார் மனசுல எந்தப் பை சார்?" என்றான் ஏணி.

"மனசுக்கு இங்க என்னய்யா வேலை? இது விசாரணை." ஆனால் கை இரண்டாவது பையின் மேல்தான் இருந்தது. இயந்திரம் கெட்டதென்றால் புது இயந்திரம் வாங்க வேண்டும்; மனிதன் கெட்டான் என்றால் ஒரு தாளில் முடிந்துவிடும்.

ஏணி விடவில்லை. "புதுப் போர்டு வந்தா சும்மாவா சார் வைப்போம்? திறப்பு விழா, மேல ஒரு பித்தளைத் தகடு, தகட்டுல உங்க பேரு..."

செயலாளர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "தகடு எந்த அளவுல இருக்கும்?"

"நீங்க சொல்ற அளவுல சார்."

"சரி, நிரூபிங்க பார்ப்போம்."

லைட்மேன் பிளக்கைக் குறிப்பில் உள்ளபடி ஏழில் சொருகி, ஃபேடரை மேலே தள்ளினார். கீழே படிக்கட்டு பளிச்சென்று எரிந்தது. "சார், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றார். செயலாளர் நகர்த்தினார். படிக்கட்டு இருண்டது. திரும்ப நகர்த்தினார், எரிந்தது. தன் உடம்பின் கனத்துக்கு இப்படி ஒரு மரியாதையை அவர் எந்த மேடையிலும் கண்டதில்லை. நாலைந்து முறை நகர்த்தி மகிழ்ந்தார். பிறகு முதல் பையிலிருந்த தாளை எடுத்து, போர்டின் மீதே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"உண்மை வென்றது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"தப்பிச்சோம் அண்ணே!" என்றான் ஏணி. "இன்னிக்குப் படியைப் பதினொண்ணுலயே வெச்சுக்கலாம். நான் டேப் ஒட்டறேன்." டேப் உருளை அலமாரிக்குள் இருந்தது. லைட்மேன் வாயைத் திறப்பதற்குள் அவன் கதவைத் திறந்துவிட்டான்.

கையை நீட்டி உருளையை எடுத்து, வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். பிறகு கதவின் உள்பக்கத்தைப் பார்த்தான். உதடு அசைய ஒருமுறை படித்தான். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.

"டேப்பு தீந்துபோச்சு அண்ணே" என்றான், கையில் டேப்போடு.

லைட்மேன் அவன் மணிக்கட்டையே பார்த்தார். அவனும் குனிந்து பார்த்தான். அதைப் பின்னால் மறைத்துக்கொள்ளும் அளவுக்கு அவன் கெட்டிக்காரனில்லை.

"தள்ளுடா."

"வேண்டாம் அண்ணே. அதான் கையெழுத்து ஆயிடுச்சே. நான் அன்னிக்கு இருட்டுல பாக்காமத்தான் ஒட்டினேன்."

லைட்மேன் கதவைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை தேதி. அவருடைய கையெழுத்து, அவருக்கே உரிய கோணல் எழுத்து. ஏழுக்கு நேரே 'காலி'. பத்துக்கு நேரே 'நிலா'. பதினொன்றுக்கு நேரே 'படி'. 'படி'க்குக் கீழே அழுத்தி ஒரு கோடு வேறு. முக்கியம், ஜாக்கிரதை என்று தனக்குத் தானே போட்டுக்கொண்டது.



"பிளக்கைப் பதினொண்ணுல சொருகிட்டு, கீழே போய் படிக்கட்டுல நில்லு" என்றார் லைட்மேன். "நான் நிலாவை மட்டும் இறக்கறேன். படி போச்சுன்னா சத்தம் போடு."

ஏணி போனான். லைட்மேன் பத்தையும் பதினொன்றையும் மேலே ஏற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பத்தாவதைப் பிடித்தன. அதை அவர் உணர்ந்தார். மெல்ல இழுத்தார். மற்ற இரண்டு விரல்களும் எங்கே இருந்தன என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. வேறு யாருடைய விரல்களோ போல அவை எங்கேயோ இருந்தன.

கீழே நிசப்தம். நல்லது, போகவில்லை. மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினார்.

"அண்ணே..." என்றது கீழிருந்து ஒரு குரல்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அண்ணே, நல்லாத்தான் இருக்கு."

கண்ணைத் திறந்தார். பத்தாவது கீழே இருந்தது. பதினொன்றும் கீழே இருந்தது. மடங்கிய மோதிர விரல் அதன் தலையில் உட்கார்ந்திருந்தது, பக்கத்து வீட்டில் சொந்தம் கொண்டாடும் விருந்தாளி போல. கண்ணாடிக்கு அப்பால் ஏணி கும்மிருட்டில் நின்றுகொண்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

செயலாளரைப் பக்கவாட்டு வராந்தாவில் பிடித்தார். அவர் வரவேற்புரையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த அறிக்கை தப்பு. செவ்வாய்க்கிழமை படி பதினொண்ணுல இருந்துச்சு. போர்டு அணைக்கல. என் கைதான்."

"கையா? கைக்கென்ன?"

"மரத்துப்போகுது சார். ரெண்டு விரல். இழுத்தது எனக்கே தெரியல. டேப் இருக்கு, வந்து பாருங்க."

செயலாளர் அவர் கையைப் பார்க்கவில்லை, சுற்றுமுற்றும் பார்த்தார். "யோவ், நான் ஒரு தடவை கண்டுபிடிச்ச உண்மையை மாத்தறதில்லை. தலைவர்கிட்டப் போன்ல சொல்லிட்டேன். தகட்டுக்கு வாசகம்கூட எழுதிட்டேன். இப்ப நீ வந்து விரலைக் காட்டறே."

"இன்னொரு தடவை ஆச்சுன்னா?"

"ஆகாது. ஏன்னா கோளாறு போர்டுலன்னு குழு சொல்லியாச்சு. போய் வேலையைப் பாரு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவருக்கு, அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அக்கா இருந்தாள். ஒப்பனை அறையில், பாதி முகத்துக்கு மட்டும் ராணியாகி, கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். மற்ற பாதி அவருடைய அக்காவாகவே இருந்தது. அந்தப் பாதியைப் பார்த்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஏழு, பதினொன்று, டேப், விரல், மூன்று மாதம்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. பஞ்சைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசமா?"

"ஆமாக்கா."

"கை மரத்ததுக்கு நீ என்னடா பண்ணுவே. அது கிடக்கட்டும். அந்த அலமாரி உன் முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கு?"

"ஆமா."

"நாலு நாளா நான் ஒவ்வொருத்தன்கிட்டயா போய் உனக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். நீ ஒரு கதவைத் திறந்து பாக்கல."

"எனக்குத் தெரியாதுக்கா. புதன்கிழமைன்னு நினைச்சேன்."

"தெரியாம இருக்கணும்னு இருந்திருக்கே." குரலை உயர்த்தாமல் சொன்னாள். கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அந்தச் சின்ன அறையைத் தாண்டவில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

வெளியே முதல் மணி அடித்தது.

"நான் போர்டுல உக்காரலக்கா. ஏணியை உக்கார வெச்சிடறேன்."

"அவனுக்குக் காட்சி தெரியுமா? முதல் காட்சியிலயே சூரியனை அணைச்சுடுவான். நீயே உக்காரு. படி விளக்குல மட்டும் உன் கை படக்கூடாது." பஞ்சை மறுபடி எடுத்தாள். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறேன், கட்டைப் பாக்கறதுக்கு. நீயும் வரே. ஒரே டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் கையை நீட்டுவோம். இப்ப போ, மீதி முகத்தைப் போடணும்."

லைட்மேன் படி விளக்கைப் பிடுங்கி ஒன்றாம் எண்ணில் சொருகினார். அதற்கும் நிலாவுக்கும் நடுவே எட்டுக் குமிழ்கள். இடது கோடியில் முக்காலி போட்டு ஏணியை உட்கார வைத்தார்.

"மூணாம் காட்சி முழுக்க இதைப் பிடிச்சுக்கிட்டு உக்காரு. மூக்கு அரிச்சாலும் கையை எடுக்காதே. என் கை இந்தப் பக்கம் வந்தா தட்டி விடு."

"உங்க கையையா?"

"யாரு கையா இருந்தாலும்."

வரவேற்புரை முப்பது நிமிஷம் நடந்தது. விஞ்ஞானத்தின் துணையோடு விபத்தின் வேரைக் கண்டறிந்த விதத்தைச் செயலாளர் அடக்கத்தோடு விவரித்தார். பிறகு முதல் வரிசையில் நடு இருக்கையில் போய் அமர்ந்தார்.

மூன்றாம் காட்சி. ஜன்னலில் நிலா. படிக்கட்டின் உச்சியில் ராணி, இடது கை சால்வைக்குள். லைட்மேன் இந்தத் தடவை கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிலாவை இறக்கினார். ஏணி இரண்டு கையாலும் ஒன்றாவதைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தான். விளக்கு ஆடவில்லை, அசங்கவில்லை. வருஷக்கணக்கில் அந்தப் படிக்கட்டில் இவ்வளவு உறுதியாக வெளிச்சம் விழுந்ததில்லை.

லைட்மேன் அப்போதுதான் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்.

அக்கா வலது கையால் கைப்பிடியைப் பற்றியிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. ராணிக்குக் கைப்பிடி எதற்கு என்பாள். இப்போது ஒவ்வொரு படிக்கும் முதலில் காலால் துழாவி, மரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் கனத்தை இறக்கினாள். ஆறாவது படியில் நின்றாள். அழவில்லை. விளக்கு வரும் திக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

முதல் வரிசையில் செயலாளர் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டி ஏதோ சொன்னார். என்ன நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பார். சபை அவரோடு சேர்ந்து கைதட்டியது.

"அண்ணே, இப்ப கையை எடுக்கலாமா?" என்று ஏணி கிசுகிசுத்தான்.

"எடுக்காதே" என்றார் லைட்மேன். அவள் தரையைத் தொட்டு, கைப்பிடியை விட்டு, பக்கத்திரைக்குப் பின்னால் மறையும் வரை, "எடுக்காதே, எடுக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.